ஐம்பது நிமிடத் தூரம்

பயணச்சீட்டில் மூன்று எண்கள் இருக்கும். அந்தோஃபகாஸ்தாவிலிருந்து மதுரைக்குத் தூரம், 16,340 கிலோமீட்டர். கடிகார நேரம், ஐம்பது நிமிடம். மூன்றாவது எண் இவற்றுக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில். உடல் நேரம், பத்தொன்பது நாள். முதல் இரண்டையும் எல்லோரும் படித்தார்கள். மூன்றாவதை நான் படித்தேன். படித்து என்ன கிழித்தேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தோஃபகாஸ்தா, சிலி நாட்டின் வடக்கில், பாலைவனம் கடலில் போய் முடிகிற இடத்தில் இருக்கிறது. என் கணவர் பூமிநாதன் அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஓர் ஆலையில் பொறியாளராக இருந்தார். நாங்கள் குடிபோன காலத்தில் மடிப்பு வரவில்லை. மூன்று ஊர்களில் விமானம் மாறி, நாற்பத்தொரு மணி நேரம் பறந்தும் காத்திருந்தும் மதுரை போய்ச் சேரவேண்டும். அந்தத் தூரத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. ஊரில் என்ன விசேஷம் என்றாலும் பூமியின் தங்கைகள் போன் செய்து, "நீங்க எங்கண்ணே வரப்போறீங்க, அங்க இருந்தே ஆசீர்வாதம் பண்ணிடுங்க" என்பார்கள். இவரும் அழுகிற குரலில் ஆசீர்வதிப்பார். எல்லோருக்கும் வருத்தம், யாருக்கும் கோபம் இல்லை.

பூமிக்கு மூன்று தங்கைகள். மங்கை, சுகன்யா, தேன்மொழி. மூவருக்கும் சேர்த்து ஏழு பிள்ளைகள். ஏழு பேருக்கும் இவர் ஒருவரே தாய்மாமன். எங்களுக்குக் குழந்தை இல்லை. காது குத்தும்போது உட்கார மாமன் மடி வேண்டும், பெண் பெரியவளானால் குச்சுக் குடிசை கட்ட மாமன் வேண்டும், கல்யாணத்தில் மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட மாமன் வேண்டும். அந்த வீட்டில் தாய்மாமன் இல்லாமல் தேங்காய்கூட உடையாது.

மடிப்பு வந்தபோது பூமி எனக்கு அதை விளக்கியது நன்றாக நினைவிருக்கிறது. வீட்டில் வேட்டியோடு நின்றவர், அதை முழங்காலுக்கு மடித்துக் கட்டிக் காண்பித்தார்.

"இப்ப வேட்டி எவ்வளவு நீளம் தெரியுது?"

"முழங்கால் வரைக்கும்."

"துணி குறைஞ்சிடுச்சா?"

"இல்ல."

"அவ்வளவுதான் மித்ரா. ஊருக்கும் ஊருக்கும் நடுவுல இருக்கிற நேரத்தை மடிச்சிடறாங்க. இந்த ஓரமும் அந்த ஓரமும் கிட்ட வந்துடுது."

"சரி, மடிச்ச மிச்சம் எங்க போகுது?"

"இடுப்புல இருக்கு."

"அதத்தான் கேக்குறேன். யாரு இடுப்புல?"

சிரித்தார். பதில் பயணச்சீட்டின் மூன்றாவது வரியில் இருந்தது. மடிப்புக்குள் மயக்கத்தில் படுத்திருக்கும் உடம்பு, குழாய் வழியே சத்துநீர் குடித்துக்கொண்டு, பத்தொன்பது நாள் வாழ்ந்துவிடும். வெளியே கடிகாரம் ஐம்பது நிமிடம் நகரும். தூரத்தைப் பொறுத்துக் கடிகார நேரம் கூடும் குறையும். உடல் நேரம் மட்டும் எங்கே போனாலும் அதே பத்தொன்பது. உள்ளே நுழைந்து வெளியே வருவதற்கே அவ்வளவு ஆகும் என்றார்கள்.

முதல் முறை, மங்கையின் மகனுக்குக் காதுகுத்து. காலையில் மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு போனவர், அன்றே தாடியோடு வாசலில் நின்றார். நகங்கள் வளர்ந்து வளைந்திருந்தன. நான் பயந்து ஓர் அடி பின்னால் போனேன். "மதுரையில எறங்கினதும் ஒரு தடவை செரைச்சேன், இங்க வந்து ஒரு தடவை செரைக்கணும்" என்று தாடியைத் தடவிக்கொண்டு பெருமையாகச் சொன்னார். மடிப்பு நிலையங்களின் வாசலில் முதலில் முளைத்தவை சலூன்கள்தான். அவற்றில் எப்போதும் கூட்டம். நாற்காலியில் உட்கார்ந்து தாடி எடுத்துக்கொண்டிருந்த எவனுக்கும், இது என்ன தாடி, எப்போது வளர்ந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு விடவே இல்லை. காதுகுத்து, பூப்பு நீராட்டு, புதுமனை புகுவிழா, வளைகாப்பு, சம்பந்தி வீட்டுத் துக்கம், சம்பந்தியின் சம்பந்தி வீட்டுத் துக்கம். ஒருமுறை தேன்மொழி கார் வாங்கியதற்குப் போனார். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைப்பதற்குப் பத்தொன்பதும் பத்தொன்பதும் முப்பத்தெட்டு நாள்.

நான் மங்கைக்கு போன் செய்து சண்டை போட்டேன்.

"ஏன் மங்கை, கார் பூஜைக்குமா அண்ணன் வரணும்?"

"நாங்க எங்க மதினி கூப்பிட்டோம்? சொன்னோம். அண்ணே அதுவா வந்துச்சு."

"நீங்க சொன்னா அவர் வருவார்னு தெரியாதா?"

"அம்பது நிமிஷந்தானே மதினி! இந்தா இருக்கிற திருநகர்ல இருந்து தேனு எங்க வீட்டுக்கு வர ஒன்னேகால் மணி நேரம் ஆகுது. பழங்காநத்தம் சிக்னல்லயே அரை மணி நேரம் நிக்கிறா. அவள வராதன்னா சொல்ல முடியும்?"

அந்தக் குடும்பத்தின் கணக்கில் ஒரே ஊரில் இருந்த தேன்மொழி தூரத்துச் சொந்தம், சிலியில் இருந்த அண்ணன் பக்கத்து வீடு.

நான் மடிப்பில் ஏறவே இல்லை. போகத்தான் வேண்டும் என்றால் பழைய விமானத்தில் போனேன், ஆண்டுக்கு ஒருமுறை. எனக்கு அவர்கள் வைத்த பெயர் கட்டைவண்டி. "கட்டைவண்டி கிளம்பிருச்சா? அப்ப நாளன்னிக்கு வந்துரும்" என்று சுகன்யா கணவர் சிரித்தது என் காதிலேயே விழுந்திருக்கிறது. பழைய விமானங்களும் ஒவ்வொன்றாக நின்றன. தினமும் இருந்தது வாரத்துக்கு இரண்டாகி, வாரத்துக்கு ஒன்றானது. ஐம்பது நிமிடத்தில் போகிற ஊருக்கு இரண்டு நாள் உட்கார்ந்து போக யார் இருக்கிறார்கள்? கிழவர்கள், கர்ப்பிணிகள், நான்.

பூமி ஏன் விமானத்தில் போகவில்லை என்று கேட்பவர்கள் அவருடைய ஆலையின் விடுப்பு விதிகளைப் படிக்கவேண்டும். மடிப்பு வந்த மூன்றாம் ஆண்டு, உறவினர் நிகழ்ச்சிக்கான பயண விடுப்பை ஐந்து நாளிலிருந்து நான்கு மணி நேரமாகக் குறைத்தார்கள். எல்லா நிறுவனங்களும் அப்படித்தான் செய்தன. போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம், மிச்சம் சவரத்துக்கு.

அவருக்கு முதலில் முடி நரைத்தது. சாயம் பூசிக்கொண்டார். பிறகு மூக்குக் கண்ணாடி. பிறகு படியேறினால் மூச்சு வாங்கியது. என்னைவிட மூன்று வயது மூத்தவர். கடைக்குப் போனால் என்னை அவர் மகள் என்று நினைத்தார்கள். அதையும் அவர் தங்கைகளுக்கு போனில் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மடிப்பு வந்த பதினாலாம் ஆண்டு, ஆலையிலேயே மயங்கி விழுந்தார். மருத்துவர் பலோமா என்ற ஐம்பது வயதுப் பெண்மணி, பரிசோதனைகளை முடித்துவிட்டு எங்கள் இருவரையும் எதிரில் உட்கார வைத்து ஸ்பானிய மொழியில் நீளமாகப் பேசினார். பேசி முடித்ததும் பூமி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"ஒன்னுமில்ல. கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க."

பதினாறு வருடமாக அந்த ஊரில் காய்கறி வாங்கியவள் நான்.

"இதயம் தளர்ந்துடுச்சு, இன்னொரு மடிப்பு தாங்குமான்னு உறுதி சொல்ல முடியாதுன்னு சொன்னாங்க" என்றேன்.

"அதத்தான் சுருக்கமா சொன்னேன்."

பலோமா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். மடிப்பு நிலையத்தில் பதிவான பயணங்கள் அத்தனையும் அதில் இருந்தன. போய்வந்தது நூற்று நாற்பத்தெட்டு முறை. உடல் நேரம் பதினைந்து ஆண்டு, ஐந்து மாதம்.

"பிறப்புச் சான்றிதழில் இவருக்கு நாற்பத்தொன்பது. நான் பரிசோதித்த உடம்புக்கு அறுபத்து நான்கு தாண்டிவிட்டது. இவருடைய அப்பா எந்த வயதில் இறந்தார்?"

"அறுபத்து மூணு" என்றேன். பூமி தரையைப் பார்த்தார்.

அந்தப் பட்டியலை அச்செடுத்து வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, தங்கைகள் மீது ஆதாரத்தோடு பாய்வதற்காக, எந்தத் தேதியில் எந்த விசேஷம் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். எவ்வளவு தாராளமாக எண்ணியும் விசேஷங்கள் ஐம்பத்தேழுக்கு மேல் போகவில்லை. மிச்சம் தொண்ணூற்றொன்று. ஒரே கல்யாணத்துக்கு அடுத்தடுத்த தேதிகளில் மூன்று முறை போய்வந்திருக்கிறார்.

"என்ன இது? ஒரு கல்யாணத்துக்கு மூணு தடவையா?"

அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "பெண்ணழைப்பு ஒரு நாள், கல்யாணம் ஒரு நாள், மறுவீடு ஒரு நாள்."

"லீவு நாளுங்கதானே, அங்கேயே தங்கியிருக்கலாமே?"

"நீதானே கோவிச்சுக்குவ."

எனக்கு நினைவு வந்தது. அவர் ஊரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் நான் சொன்ன ஒரே வாக்கியம்: "தங்கச்சிங்க கூடவே இருந்துக்கோங்க, இங்க எதுக்கு வர்றீங்க." அதைச் சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவேன். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு மனிதர் தாடியோடு வந்து நிற்பார். நானும் தோசை ஊற்றிப் போட்டிருக்கிறேன். மூன்றாவது வரியைப் படித்தவள் நான், கூட்டிப் பார்க்கவில்லை.

பட்டியலை மடித்துப் பீரோவில் வைத்தேன். மங்கைக்கு போன் செய்யவில்லை.

இரண்டே மாதத்தில் அவளே செய்தாள். அவளுடைய மூத்த மகள் ஆதிராவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஏழு பிள்ளைகளில் பூமிக்கு அவள்மேல் தனிப் பிரியம். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில் திரையில் பார்த்த இவரை "சிலி மாமா" என்று அழைத்தவள். பட்டம் இவர்தான் கட்டவேண்டும்.

நான் மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். மங்கை உடனே, "அய்யய்யோ, அப்ப அண்ணே வரவேணாம் மதினி" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு அழுதாள். அந்த அழுகையைப் பக்கத்தில் உட்கார்ந்து இவர் கேட்டார். அவ்வளவுதான், முடிந்தது.

"பட்டம் கட்டாம நான் இங்க உக்காந்து உசுரோட இருந்து என்ன பண்ணப்போறேன்?"

"தண்ணி சுத்திகரிங்க. அதுக்குத்தானே சம்பளம்."

"விளையாடாத மித்ரா."

"சரி, போவோம். விமானத்துல போவோம். ரெண்டு பேரும். நாப்பத்தொரு மணி நேரம் ஆனா, நாப்பத்தொரு மணி நேரந்தான் வயசாகும்."

"லீவு?"

லீவுக்கு நானே போனேன். பெர்னார்தா என்ற பெண் ஆலையின் பணியாளர் பிரிவில் இருந்தாள். நல்லவள். நல்லவர்களிடம் சண்டை போடுவது இன்னும் எரிச்சல்.

"உறவினர் நிகழ்ச்சிக்குப் பயண விடுப்பு நான்கு மணி நேரம்தான் சென்யோரா."

"அவரால் மடிப்பில் போகமுடியாது. மருத்துவர் கடிதம் இதோ."

படித்தாள். "விமானத்தில் போவதற்கான மெதுப்பயண விலக்கு அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான்."

"அவருக்கு அறுபத்து நான்கு."

திரையைப் பார்த்தாள். "நாற்பத்தொன்பது."

"உடம்புக்கு அறுபத்து நான்கு. உங்கள் விடுப்பு விதியால் ஏறிய வயசு."

"உடல் நேரத்தை அரசாங்கம் இன்னும் வயதாக ஏற்கவில்லை சென்யோரா. ஏற்றுக்கொண்டால் பாதிப் பேருக்கு ஓய்வூதியம் கொடுக்கவேண்டும்."

"அப்படியானால் ஒரு மனிதன் தன் தங்கை மகள் கல்யாணத்துக்கு விமானத்தில் போக வழியே இல்லையா?"

பெர்னார்தா குரலைத் தாழ்த்தினாள். "சுற்றுலா விடுப்பு இருக்கிறது. ஏழு நாள். ஆனால் விண்ணப்பத்தில் சுற்றுலா இடங்களைக் குறிப்பிடவேண்டும்."

குறிப்பிட்டேன். மதுரையில் பிறந்து, மதுரையில் படித்து, மதுரையில் என்னைக் கட்டிக்கொண்ட பூமிநாதன், மதுரையைச் சுற்றிப் பார்க்கும் ஆர்வத்தில் விடுப்புக் கோருகிறார். பார்க்க விரும்பும் இடங்கள்: கோயில், மகால், தெப்பக்குளம். கையெழுத்துப் போடும்போது அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

அந்தப் பயணத்தைப் பற்றி எழுதவேண்டும். சாந்தியாகோ, சாவ் பாலோ, அடிஸ் அபாபா, அங்கிருந்து மதுரை. முதல் இருபது மணி நேரம் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல நேரம் என்று சொன்னால் மிகை என்று நினைப்பீர்கள். இல்லை. மடிப்பு வந்த பிறகு அவர் ஒரு பயணத்தில் விழித்திருந்ததே இல்லை. மேகத்தைப் பார்த்தார். விமானத்தில் கொடுத்த ரொட்டியைப் பார்த்து, "இது கல்லு மித்ரா, நம்ம ஆலையில ஃபில்டருக்குப் போடலாம்" என்றார். அட்லாண்டிக் கடலுக்கு மேலே, ஆதிராவுக்குப் பட்டம் கட்டும்போது எந்தக் கையால் முடிச்சுப் போடவேண்டும் என்று என் நெற்றியில் கைக்குட்டையைக் கட்டி ஒத்திகை பார்த்தார். பக்கத்தில் இருந்த பிரேசில்காரர் எனக்குத் தலைவலி என்று நினைத்து மாத்திரை நீட்டினார்.

அடிஸ் அபாபாவில் பனிமூட்டம். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலையே மதுரையில் இறங்கியிருக்கவேண்டியவர்கள், விடிந்தும் அங்கேயே கிடந்தோம். இரும்பு நாற்காலிகள், எல்லாவற்றிலும் ஆட்கள், காலை நீட்ட முடியாது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, பால் கொட்டினமாதிரி. கவுண்டரில் இருந்தவள் கேட்டபோதெல்லாம் "இன்னும் ஒரு மணி நேரத்தில்" என்றாள். கூடத்தின் மறுகோடியில் மடிப்பு நிலையத்தின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. அங்கிருந்து மதுரைக்குக் கடிகார நேரம் இருபது நிமிடம்.

காலை ஆறு மணிக்கு, மதுரையில் எட்டரை, மங்கை போன் செய்தாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"அண்ணே, எங்கண்ணே இருக்கீங்க?"

"அடிஸ்லதாம்மா. பனி."

"பத்தேகாலுக்குப் பட்டம் கட்டணும்ணே. பத்தரைக்குள்ள தாலி. மாப்பிள்ளை வீட்டுல மாமன் எங்க, மாமன் எங்கன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?"

"வந்துடுறேன்னு சொல்லு."

ஆறே முக்காலுக்கு அவர் எழுந்து மடிப்பு நிலையத்துக்குப் போனார். படிவம் நிரப்பி, உடம்பில் குழாய்கள் மாட்டி, ஏழு மணிக்கு உள்ளே போனதாகப் பின்னால் அவர்கள் கொடுத்த காகிதத்தில் இருந்தது. பச்சை விளக்கு ஒருமுறை மங்கி எரிந்ததை நான் நாற்காலியிலிருந்து பார்த்தேன்.

பனி பத்து மணிக்கு விலகியது. எங்கள் விமானம் ரத்தாகியிருந்தது, வேறொன்றில் அன்று இடம் கிடைக்கவில்லை. மறுநாள் மத்தியானம் மதுரையில் இறங்கினேன். என்னை அழைத்துப்போக வந்த சுகன்யாவின் கணவர், வழக்கமாகக் கட்டைவண்டி என்று கேலி பேசுகிறவர், என் பையை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நடந்தார். எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

மங்கை வீட்டு வாசலில், கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரங்களை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல், அவற்றுக்கு நடுவில் கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார்கள். தாடி எடுக்க அவருக்கு நேரம் இருந்திருக்கவில்லை. வெள்ளைத் தாடி. கல்யாணத்தன்று மத்தியானம் மூன்று மணிக்கு, மண்டபத்து அறையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் என்னிடமே கேட்டார்: "நீங்களும் மடிப்புலயே வந்திருந்தா கடைசியா முகம் பாத்திருக்கலாமேம்மா? இருபது நிமிஷந்தானே." அவர் முகத்தைப் பார்த்தேன். நல்ல மனிதர்போலத்தான் இருந்தார்.

மாநகராட்சியில் இறப்புச் சான்றிதழில் வயது நாற்பத்தொன்பது என்று எழுதினார்கள். நான் வாதாடவில்லை. பெர்னார்தாவோடு என் வாதாடும் சக்தி முடிந்துவிட்டிருந்தது.

ஐந்தாம் நாள், எல்லோரும் கிளம்பிய பிறகு, மங்கை என் எதிரில் தரையில் வந்து உட்கார்ந்தாள். தேன்மொழி கதவோரம் நின்றாள்.

"மதினி, ஒன்னு சொல்லணும். சொல்லாம எனக்குச் சோறு எறங்கல."

"சொல்லு."

"அண்ணே பட்டம் கட்டல."

"என்ன?"

"மாப்பிள்ளையோட தாத்தா, ஒம்பதேகாலுக்கு மேல நேரம் சரியில்லன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. கேக்கவே இல்ல. எங்க பெரியப்பா மகன் இருக்குல்ல, சோமு அண்ணே, அதை உக்கார வெச்சுக் கட்டிட்டோம். ஒம்பது அஞ்சுக்கு."

எனக்கு மணி கணக்குப் போட வராது என்று பூமி எப்போதும் சொல்வார். அன்று வந்தது. மதுரையில் ஒன்பது ஐந்து என்றால் அடிஸில் ஆறு முப்பத்தைந்து. அப்போது அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன் அவர் மடியில் இருந்தது.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே மங்கை."

"எப்படி மதினி சொல்லுவேன்? 'உனக்குப் பதிலா ஆள் வெச்சுக் கட்டிட்டோம்'னு போன்ல எப்படிச் சொல்ல? நேர்ல வரட்டும், கைய காலப் பிடிச்சுச் சமாதானம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

"வந்து என்ன சொன்னார்?"

தேன்மொழிதான் பதில் சொன்னாள். "வந்து ஆதிரா நெத்தியப் பாத்துச்சு. 'யாரு கட்டினது? சோமுவா? நல்லா கட்டியிருக்கான்'னுச்சு. ஒரு நாற்காலியில உக்காந்து, காபி கேட்டுச்சு."

"கோவமே படல மதினி" என்றாள் மங்கை. "கோவப்பட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல." என் கால்களைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அத்தன தடவ சொன்னீங்க. நீங்க வேணாம் வேணாம்னுதான் பிடிச்சு வெச்சிருப்பீங்க. நான் அழுது அழுது இழுத்துட்டேன். நான்தான் மதினி கொன்னுட்டேன்."

அவள் தலையில் கை வைத்தேன். "அழாத" என்றேன். அவள் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டாள். இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மாதம் ஒருமுறை போன் செய்கிறாள், மதினி மாதிரி மனசு யாருக்கும் வராது என்கிறாள்.

அடிஸ் அபாபாவில் நடந்ததை மேலே எழுதியபோது முக்கால் மணி நேரத்தை விட்டுவிட்டேன். மங்கையிடம் "வந்துடுறேன்" என்று சொல்லி போனை வைத்த பிறகு பூமி எழுந்திருக்கவில்லை. பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தார். பிறகு என் கையைப் பிடித்து, "வேணாம் மித்ரா. உனக்குச் சொன்னமாதிரி விமானத்துலயே போயிடுவோம். மங்கைக்கு நான் சொல்லிக்கிறேன். அவ புரிஞ்சுக்குவா" என்றார். நான் கேட்க ஏங்கிய சொல் அது. பதினாலு வருடமாக அதற்குத்தான் சண்டை போட்டேன்.

ஆனால் சொல்லிவிட்டு மனிதர் சும்மா இருக்கவில்லை. பெருமூச்சு விட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். கவுண்டருக்குப் போய் வந்தார். "இப்ப பெண்ணுக்கு மாலை மாத்துற நேரம்" என்றார். மறுபடி பெருமூச்சு. கண்ணாடிச் சுவரில் மூக்கை வைத்துப் பனியைப் பார்த்தார். மறுபடி கடிகாரம்.

"ஏங்க, எந்திரிச்சுப் போங்க" என்றேன். "இங்க உக்காந்து என் உசுர வாங்காதீங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் உண்மையாகத்தான் சொல்கிறேனா என்று பார்த்தார். நான் திரும்பிக்கொண்டேன். அவர் தன் பையை என் பையோடு சேர்த்து வைத்தார், என் தோளைத் தொட்டார், போனார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். கோபம் என்று சொல்ல முடியாது. அவர்மேல் அன்று எனக்குக் கோபமே இல்லை. ஐம்பது மணி நேரத்துக்கு மேலாக உட்கார்ந்திருந்தேன். கால் வலித்தது. அவர் போய்விட்டால் அந்த நாற்காலியிலும் காலை நீட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது.